அடி அண்ணாமலை டீக்கடைக் கூரையில் என் மகள்

1

நேற்றுக் காலை வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில், கொலம்பஸ் நகரத்துக்குச் சற்று வெளியே எங்கள் வீடு. ஊரில் மார்கழி என்றால் வாசலில் கோலம். இங்கே மண்வெட்டியும் முதுகு வலியும். கோட்டுப் பைக்குள் போன் அதிர்ந்தது. கையுறையைப் பல்லால் கடித்து இழுத்து, எடுத்துப் பார்த்தேன். திருவண்ணாமலையிலிருந்து என் தம்பி குமரேசன் ஒரு போட்டோ அனுப்பியிருந்தான்.

டீக்கடை ஒன்றின் கூரை. மூங்கில் மேல் இழுத்துக் கட்டிய பழைய பிளெக்ஸ் பேனர். ஒரு வருட வெயிலிலும் மழையிலும் சாயம் போய், கண் எது மூக்கு எது என்று தெரியாதபடி வெளுத்துவிட்டது. ஒரு பெண்ணின் பல்வரிசை மட்டும் இன்னும் பளிச்சென்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் தலைகீழாக, ‘குலவிளக்கே!’

வருடக்கணக்கில் கிளிப் போட்டு நேராக்கிய பல்வரிசை அது. எந்தக் கூரையில் பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரியும். என் மகள் அருணாவுடையது.

நடு வாசலில் நின்று நான் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு அம்மாள் ஜன்னலைத் திறந்து, ஒன்றும் ஆபத்தில்லையே என்று கேட்டாள். இல்லை என்று கையசைத்தேன். போன டிசம்பரில் என்னிடம் யாராவது, “அடுத்த வருஷம் இதை நினைத்து நீ சிரிப்பாய்” என்று சொல்லியிருந்தால், அதே மண்வெட்டியைத் தூக்கியிருப்பேன். அதனால் இந்தக் கதையை மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன். ஊரில் இருப்பவர்களுக்குப் பாதிக் கதை தெரியும். பேனரைப் பார்த்தவர்கள்தானே.

2

இங்கே காலேஜில் சேர்வது எப்படி என்று ஊரில் எத்தனையோ பேருக்குச் சொல்லிப் பார்த்துவிட்டேன். யாரும் நம்புவதில்லை. நமக்கு மார்க் வரும், கட்-ஆஃப் வரும், கவுன்சலிங் வரும். சீட்டு கிடைத்தால் ஏன் கிடைத்தது என்று தெரியும், கிடைக்காவிட்டாலும் ஏன் என்று தெரியும், திட்டுவதற்கும் ஆள் உண்டு. இங்கே மார்க் இருந்தாலும் போதாது. ‘நீ யார், உன்னைச் செதுக்கியது எது’ என்று கட்டுரை எழுதச் சொல்கிறார்கள். பதினேழு வயதில் யாருக்கு அதெல்லாம் தெரியும்? எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது.

இதில் ‘முன்கூட்டியே விண்ணப்பிப்பது’ என்று ஒரு வழி உண்டு. ஒரே ஒரு காலேஜைத் தேர்ந்தெடுத்து, “எனக்கு நீங்கள்தான் வேண்டும். இடம் கொடுத்தால் வேறெங்கும் போக மாட்டேன்” என்று கையெழுத்துப் போட்டு நவம்பரிலேயே அனுப்பிவிட வேண்டும். பிள்ளை, பெற்றோர், பள்ளிக்கூடம் என மூன்று தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். நிலம் ரிஜிஸ்தர் செய்வதற்குக்கூட இவ்வளவு சம்பிரதாயம் இல்லை. பதில் டிசம்பர் நடுவில் வரும். இடம் கிடைக்காவிட்டால் மற்ற காலேஜ்களுக்குப் புத்தாண்டுக்குள் அனுப்ப வேண்டும்.

அருணா கிழக்குக் கரையில் இருக்கும் பழைய பல்கலைக்கழகம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். பெயரைச் சொல்ல மாட்டேன். பேனரில் இருந்தது போதும். சின்ன வயதில் ஒரு கோடை விடுமுறையில் அதைச் சுற்றிப் பார்க்கப் போனோம். அங்கே ஒரு மரத்தடியில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டாள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம். அங்கிருந்து வந்த கடிதங்களெல்லாம் ‘அன்புள்ள சிவகுமார்’ என்றே வந்தன. நம் ஊர் வழக்கப்படி அப்பா பெயரை இனிஷியலாக வைத்தவள். இந்த நாட்டு விண்ணப்பம் அதைக் குடும்பப் பெயராக்கி முன்னால் நிறுத்திவிட்டது. என் வீட்டுக்காரர் சிவகுமார் ஒவ்வொன்றையும் எடுத்துக்கொண்டு, “எனக்கு இடம் கொடுத்தால் நான் போய்விடுவேன், பார்த்துக்கொள்” என்பார்.

இங்குள்ள நம் தமிழ்க் குடும்பங்களில் இந்த விஷயம் பரம ரகசியம். பொங்கல் விழாவில் ஆளுக்கொரு பாத்திரம் சமைத்துக்கொண்டு வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, சாம்பாரில் என்ன பொடி போட்டேன் என்பது வரைக்கும் சொல்வார்கள். பிள்ளை எந்தக் காலேஜுக்குப் போட்டிருக்கிறான் என்று கேட்டால் மட்டும், “அவன் இன்னும் ஒண்ணும் முடிவு பண்ணலையே” என்று பாயசத்தைப் பார்ப்பார்கள். கண் பட்டுவிடும் என்ற பயம் பாதி, கிடைக்காமல் போனால் எப்படி முகத்தில் விழிப்பது என்ற பயம் பாதி. நானும் அப்படித்தான் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

ஒரே ஒருவனிடம் சொன்னேன். என் தம்பியிடம்.

3

குமரேசனுக்குத் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பிளெக்ஸ் பேனர் அடிக்கும் கடை. மஞ்சள் நீராட்டு, திருமணம், கட்சி மாநாடு, கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் ஊர் அவனிடம்தான் வரும். வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசைத் தாண்டிப் புதிதாக வீடு கட்டியிருந்தான். மார்கழி பிறப்பதற்குள் கிரகப்பிரவேசம் முடிக்க வேண்டும் என்றதால், கார்த்திகை தீபத்தை ஒட்டி நாள் குறித்தான். ஒரே அக்கா போகாமல் இருக்க முடியுமா? வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. அருணாவின் பள்ளியில் எழுதிக் கொடுத்துவிட்டு, நானும் அவளும் புறப்பட்டோம்.

வேங்கிக்கால் தெருமுனையில் கார் திரும்பியதும் அருணா, “அம்மா, அது நானா?” என்றாள்.

அவள்தான். இரண்டு ஆள் உயரத்துக்கு. தலையில் பட்டமளிப்புத் தொப்பி, கம்ப்யூட்டரில் ஒட்டியது, கொஞ்சம் கோணல். ஒரு பக்கம் உச்சியில் தீபத்தோடு நம் மலை. இன்னொரு பக்கம் சுதந்திர தேவி சிலை. அந்தக் காலேஜுக்கும் அந்தச் சிலைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கீழே ஒரு சிங்கம். ‘அண்ணாமலையார் அருளால் அமெரிக்காவின்’ என்று தொடங்கி, பல்கலைக்கழகத்தின் பெயர் கொட்டை எழுத்தில், ‘அடியெடுத்து வைக்கும் எங்கள் குலவிளக்கே! வருக! வெல்க!’ பாசமுடன், தாய்மாமன்.

காரை விட்டு இறங்கிய வேகத்தில் தம்பியைத் தனியாக இழுத்துக்கொண்டு போனேன்.

“டேய், ரிசல்ட்டே இன்னும் வரலடா!”

“தெரியும்க்கா. தீபத்துக்கு ஆர்டரு குவிஞ்சி கெடக்குது. அன்னதானம், லாட்ஜு, கட்சிக்காரங்கன்னு மெஷினு நிக்கவே மாட்டேங்குது. ரிசல்ட் வந்தப்புறம் நம்ம புள்ளைக்கு அடிக்க முடியாம பூட்டா? அதான் கூட்டம் கம்மியா இருந்தப்பவே அடிச்சி வெச்சிட்டேன்.”

“அடிச்சி வெச்ச, சரி. கட்டணுமா?”

“சொந்தக்காரங்க எல்லாரும் ஒண்ணா வர்றது கிரகப்பிரவேசத்துக்குத்தான். நாலு நாளு முன்ன பின்ன இருந்தா இன்னா? காது குத்துக்கு வெச்சேன், வயசுக்கு வந்ததுக்கு வெச்சேன், நீங்க வராட்டியும் வெச்சேன். படிப்புக்கு மாமன் பேனரு வெக்கலன்னா ஊரு சிரிக்கும்க்கா.”

கழற்றச் சொல்லத்தான் போனேன். அதற்குள் அருணா பேனருக்குக் கீழே நின்று, சிங்கத்தின் தலையில் கை வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள். “மாமா, சிங்கம் எதுக்கு?” என்று கேட்டாள். “கெத்துக்கு பாப்பா” என்றான் அவன். அவள் அமெரிக்காவில் இப்படிச் சிரித்து நான் பார்த்து எவ்வளவோ காலமாயிற்று. அங்கே அவள் அறைக்கதவு மூடியே இருக்கும். இங்கே ஆட்டுக்குட்டியிடம்கூட மரியாதையாக, “தள்ளிப் போங்க” என்று பேசிக்கொண்டு தெருவில் திரிந்தாள். சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வந்தவர்கள் அத்தனை பேரும் அவளை வாழ்த்தினார்கள். யாருக்கும் அந்தக் காலேஜின் பெயரைச் சரியாகச் சொல்ல வரவில்லை. ஆனால் எல்லோருக்கும் அது பெரிய இடம் என்று தெரிந்திருந்தது. ரிசல்ட் இனிமேல்தான் என்று நான் சொன்னதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பேனரே வைத்தாகிவிட்டது, இன்னும் என்ன ரிசல்ட்?

4

ரிசல்ட் வந்தபோது அந்தக் காலேஜ்காரர்களுக்கு முன்னிரவு, நமக்கு விடியற்காலை. மார்கழி பிறந்துவிட்டிருந்தது. ஒலிபெருக்கியில் பக்திப்பாட்டு தெரு முழுக்க ஓடியது. புது வீட்டு மாடியறையில், பெயிண்ட் வாசனை இன்னும் போகாத தரையில் உட்கார்ந்து அருணா மடிக்கணினியைத் திறந்தாள். நான் காப்பி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன்.

முதல் வார்த்தை ‘வாழ்த்துகள்’ என்று இல்லை. அதற்கு மேல் நான் படிக்கவில்லை. அவள் முதுகைப் பார்த்தேன். அது ஒருமுறை உள்ளே இழுத்துக்கொண்டது.

வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. விண்ணப்பத்தை ஒதுக்கி வைத்திருக்கிறார்களாம். மற்ற விண்ணப்பங்கள் எல்லாம் வந்த பிறகு, அவற்றோடு சேர்த்து இன்னொரு தரம் பார்த்து, மார்ச் கடைசியில் சொல்வார்களாம்.

“ஓகே” என்றாள் அருணா. மடிக்கணினியை மூடினாள். பிறகு மொட்டை மாடிக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். மலை உச்சியில் தீபம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. பத்துப் பதினோரு நாள் எரியுமே. அவள் அதைப் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் தெருமுனையில் பேனரின் வெள்ளை முதுகு தெரிந்தது. அதைப் பார்த்தாள். அப்போதுதான் அழுதாள்.

என் பெண்ணைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன். எந்த ஊர்க்காரனோ ஒருவன், என் பெண் சோறு சாப்பிடும் விதம் தெரியாதவன், ஆட்டுக்குட்டியிடம் அவள் பேசும் தமிழ் கேட்காதவன், அவளை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டான் என்று எனக்கு அப்படி ஒரு கோபம்.

கீழே வந்து தம்பியிடம் சொன்னேன். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். பால்காரர் வருவதற்குள் பேனர் இறங்கிவிட்டது. சுருட்டி வண்டியில் போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பும்போது, “என் வாயி சும்மா இருந்தாலும் என் மெஷினு சும்மா இருக்கலியேக்கா” என்றான். அவன் கண்ணும் சிவந்திருந்தது.

உண்மையான பிரச்சினை அன்று மத்தியானம்தான் தெரிந்தது. மற்ற காலேஜ்களுக்குப் புத்தாண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கட்டுரை. ஒரு வரிகூட அவள் எழுதி வைத்திருக்கவில்லை. ‘அது கிடைத்துவிடும், இதெல்லாம் வேண்டியிருக்காது’ என்று இருந்துவிட்டாள், நாங்களும் இருந்துவிட்டோம்.

“நான் எழுத மாட்டேன்” என்றாள் இங்கிலீஷில். மனசு நொந்தால் அவளுக்குத் தமிழ் போய்விடும். “நான் யார்னு உண்மையா எழுதினது அந்த ஒண்ணுதான். அதைப் படிச்சிட்டுத்தான் அவங்க இப்படிச் சொல்லியிருக்காங்க. திரும்ப வேற யாருக்கோ வேற மாதிரி என்ன எழுதறது?”

எழுதாவிட்டால் அடுத்த வருடம் அவளுக்குக் காலேஜே இல்லை. வீட்டுக்காரரைப் போனில் கூப்பிட்டேன்.

“அவளுக்குக் கொஞ்சம் டைம் கொடு” என்றார்.

“டைம் கொடுக்கிறது நாம இல்லைங்க. அவங்க.”

5

ஒஹையோவில் இருந்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. தெரிந்தாலும் தெரியாததுபோல் இருப்பார்கள். அங்கே அதுதான் நாகரிகம். வேங்கிக்காலில் பேனர் இறங்கிய சேதி டிபன் நேரத்துக்குள் தெருவைச் சுற்றிவிட்டது. ஒவ்வொருவராக விசாரிக்க வந்தார்கள். வெறுங்கையோடு ஒருவரும் வரவில்லை. வாழைப்பழம், முறுக்கு, ஒரு வீட்டிலிருந்து ஒரு தூக்கு நிறைய பிரியாணி. பக்கத்து மனைக்காரர், “நம்ம ஊர்லயே ஒரு காலேஜுல சொல்லி வெக்கட்டுமாம்மா? பிரின்சிபாலு நம்மாளுதான். அமெரிக்காக்காரி வர்றான்னா செவப்புக் கம்பளம் விரிப்பாரு” என்றார். மெய்யாகவே போனை எடுத்துவிட்டார். தடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

என் அத்தை சரோஜா மட்டும் விஷயத்தை நுணுக்கமாக விசாரித்தாள். “சீட்டு இல்லன்னுட்டானா?”

“இல்லன்னும் சொல்லல அத்த. இருக்குன்னும் சொல்லல. அப்புறமா சொல்றோம்னு சொல்லியிருக்காங்க.”

அத்தை வெற்றிலையை மடிப்பதை நிறுத்தினாள். “பொண்ணு பாக்க வந்துட்டு, கேசரி பஜ்ஜியெல்லாம் துண்ணுட்டு, ‘ஊருக்குப் போயி கடுதாசி போடறோம்’னு கெளம்புவாங்களே, அதானே?”

அமெரிக்கக் கல்வி முறையை இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்கு விளக்கியதில்லை. ஆமாம் அத்தை, அதேதான் என்றேன்.

“அடிப்போடி! உன்ன பாத்துட்டு அப்டி சொல்லிட்டுப் போனவனே நாலு பேரு. ஒருத்தன் கடுதாசி போட்டான்? அந்தப் போளூர்க்காரன் மூணு தட்டு கேசரி துண்ணான். நீ ஒரு நாளு அழுத. அடுத்த ஞாயித்துக்கெழம இன்னொருத்தன் வந்தான். அதே பச்சப் பொடவைய கட்டிக்கினு நின்ன. அதே கேசரியத்தான் கிண்டனோம்.”

மாடிப்படியில் சத்தம் கேட்டது. அருணா பாதிப் படியில் உட்கார்ந்திருந்தாள். “அம்மா, நாலு பேரா?” என்றாள், தமிழில்.

“மூணுதான். அத்தைக்குக் கணக்கு வராது.”

“அப்பா எத்தனாவது?”

“அவரு கடுதாசியெல்லாம் போடல. அங்கியே உக்காந்துக்கினு, இன்னும் கொஞ்சம் கேசரி இருக்குதான்னு கேட்டாரு” என்றாள் அத்தை.

அருணாவின் வாயோரம் லேசாக அசைந்தது. பிறகு எழுந்து மறுபடி மேலே போய்விட்டாள். மடிக்கணினி மூடியபடியே கிடந்தது. நாள்கள் போய்க்கொண்டிருந்தன. ராத்திரி சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால், “நான் பசிக்கலை” என்று குரல் மட்டும் வரும். வேறு சமயமாக இருந்தால் ‘எனக்கு’ என்று திருத்தியிருப்பேன்.

6

இதற்குள் மழை பிடித்து, இரண்டு நாள் விடாமல் பெய்து ஓய்ந்தது. மழை விட்ட அன்று தம்பி ஒரு யோசனையோடு வந்தான்.

“சீட்டு கெடச்சா பாப்பாவோட கிரிவலம் வர்றேன்னு வேண்டிக்கினேன்க்கா. இப்ப பாதி கெடச்சிருக்குது. பாதி கிரிவலம் போயிட்டு வந்துடலாம்.”

அவன் மனைவி கவிதா தலையில் அடித்துக்கொண்டாள். “பாதி கிரிவலம்னு எங்கயாச்சும் உண்டாங்க?”

“பாதி சீட்டுன்னு எங்கயாச்சும் உண்டா? அது இருக்கும்போது இது இருக்கக்கூடாதா? அடி அண்ணாமலை வரைக்கும் நடப்போம். அது சரியா பாதி தூரம். சாமியக் கும்புட்டுட்டு அப்டியே திரும்பி நடந்து வந்துடுவோம். அண்ணாமலையாருக்குத் தெரியாதா நம்ம நெலம?”

மேலேயிருந்து அருணா, “ஐ வில் கம்” என்றாள். ஏன் என்று பிறகு கேட்டேன். மாமாவின் வாடிய முகத்தைப் பார்க்க முடியவில்லையாம்.

மறுநாள் விடிவதற்குள் செருப்பைக் கோயில் வாசலில் விட்டுவிட்டு மூன்று பேரும் புறப்பட்டோம். பௌர்ணமி இல்லாததால் பாதை காலியாக இருந்தது. மலை வலது கைப்பக்கம் கூடவே வந்தது. அருணாவுக்கு வெறுங்காலில் நடந்து பழக்கமில்லை. பாதையோரத்து எட்டு லிங்கங்களில் மூன்றாவதான எம லிங்கம் வருவதற்குள் நொண்டத் தொடங்கினாள். ஆனால் ஆட்டோ வேண்டாம் என்று தலையாட்டினாள். வெயில் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் அடி அண்ணாமலை வந்தது. கோயிலில் கும்பிட்டுவிட்டு எதிர்ப்பக்கம் இருந்த டீக்கடையில் போய் உட்கார்ந்தோம்.

பெஞ்சில் உட்கார்ந்ததும் அருணா கழுத்தை நெட்டி முறிக்க மேலே பார்த்தாள். பார்த்தவள் பார்த்தபடியே இருந்தாள்.

கூரையிலிருந்து அவளே அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். தலைகீழாக. தொப்பி இருந்த இடத்தில் மூங்கில் குறுக்கே ஓடியது. சுதந்திர தேவியின் கையில் பாய்லர் புகை பட்டுக் கரி. சிங்கத்தை மடித்து ஓரத்தில் ஆணி அடித்திருந்தார்கள். பல்கலைக்கழகத்தின் பெயரில் பாதி வெட்டுப்பட்டு, மீதிப் பாதிக்கு நேர்கீழே பன் பாக்கெட்டுகள் தொங்கின.

தம்பிக்கு முகம் வெளிறிவிட்டது. “பழைய பிளெக்ஸு கேட்டு வர்றவங்கள, மூலையில கெடக்கறத எடுத்துக்கோங்கன்னு சொல்லுவேன்க்கா. அதுல இது கெடந்தது நெனப்பே இல்ல. அம்மா தாயே, நான் இன்னா பண்ணுவேன்” என்று கிசுகிசுத்தான்.

அதற்குள் கடைக்கார அம்மாள் கரண்டியோடு வெளியே வந்துவிட்டாள். அருணாவைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், மறுபடி அருணாவைப் பார்த்தாள்.

“யம்மாடி, மேல இருக்கற பொண்ணு நீதானே? இன்னா மழ பேஞ்சிச்சி! பழைய கூரை கிழிஞ்சி பூடுச்சி. அப்புறம் உன்னத்தான் கொண்டாந்து கட்டனோம். ஒரு சொட்டு ஒழுவலயே! நல்லா இரும்மா.” பிறகு, அந்தக் கேள்வி. “அந்தக் காலேஜுல சீட்டு கெடச்சிடுச்சா?”

தம்பி இருமினான். நான் ஏதோ சொல்லி மழுப்ப வாயைத் திறந்தேன். அருணா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“இல்லக்கா. கிடைக்கலை. யோசிச்சுச் சொல்றோம்னு சொல்லியிருக்காங்க.”

ரிசல்ட் வந்த பிறகு அவள் வாயால் அதைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

“அவுங்க யோசிக்கட்டும்” என்றாள் அந்த அம்மாள். “நீ இன்னா குடிக்கிற? டீயா, காப்பியா?”

அருணா சிரித்தாள். முதலில் மூக்கால். பிறகு அடக்கப் பார்த்து முடியாமல் வாய்விட்டு. மேலே ஒரு பல்வரிசை, கீழே அதே பல்வரிசை. அவள் சிரிப்பதைப் பார்த்துத் தம்பி சிரிக்க, ஏன் என்று தெரியாமலே கடைக்கார அம்மாளும் சிரிக்க, எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, வியர்வை துடைக்கிற மாதிரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். சர்க்கரை ஆகாது என்று வீட்டில் தினமும் எனக்குப் பாடம் நடத்துகிறவள், சர்க்கரை தூக்கலாக இரண்டு டீ குடித்தாள்.

டம்ளரை வைத்துவிட்டுத் தம்பி எழுந்தான். “சரி, வேண்டுதல் முடிஞ்சிது. திரும்பிடலாம்.”

அருணா தன் சிவந்த உள்ளங்காலைப் பார்த்தாள். வந்த பாதையைப் பார்த்தாள். போக வேண்டிய பாதையைப் பார்த்தாள்.

“மாமா, இது பாதி தூரம்னுதானே சொன்னீங்க?”

“ஆமா பாப்பா.”

“அப்போ திரும்பிப் போனாலும் இதே தூரம்தானே நடக்கணும்?”

தம்பி விரலால் காற்றில் ஒரு வட்டம் போடப் பார்த்தான். பாதி வட்டத்தில் விரல் நின்றது. பேனரை அடி அடியாக அளந்து வெட்டுகிறவனுக்கு அது அதுவரை தோன்றவே இல்லை. “அடடா” என்றான்.

“அப்போ முன்னாடியே போலாம்” என்று சொல்லிவிட்டு அவள் நடக்கத் தொடங்கினாள். நடப்பதைப் பற்றித்தான் அவள் பேசினாள். எனக்கு அது போதுமாக இருந்தது. குபேர லிங்கம் வரைக்கும் நொண்டி நொண்டி எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். வழியில் ஒரு நாய் படுத்திருந்தது. “கொஞ்சம் நகருங்க” என்றாள். அது நகர்ந்தது.

7

அன்று சாயங்காலமே பிளெக்ஸ் கடைக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். வீட்டில் நெட் விட்டு விட்டு வந்தது. கடையில் நன்றாக வரும். ஒரு பக்கம் மெஷின் புத்தாண்டு வாழ்த்துகளைக் கக்கிக்கொண்டிருக்க, மை நாற்றத்துக்கு நடுவில், காலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, கட்டுரை எழுதினாள். தலைவர்களின் கன்னத்துக்கு ரோஸ் பூசும் வேலையை நிறுத்தி, தம்பி அவளுக்காக ஒரு கம்ப்யூட்டரையும் காலி செய்து கொடுத்தான். என்ன எழுதினாள் என்று எனக்குக் காட்டவில்லை. “நீ யார் என்று எழுதச் சொன்னதற்கு என்ன எழுதினாய்” என்று ஒரு தரம் கேட்டேன். “கூரை” என்றாள். கேலி செய்கிறாள் என்று விட்டுவிட்டேன். புத்தாண்டுக்கு முந்தின நாள் கடைசி விண்ணப்பம் போயிற்று.

மார்ச் கடைசியில் அந்தப் பெரிய இடம் யோசித்து முடித்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஒரு சாயங்காலம் வருத்தமாகத்தான் இருந்தாள், இல்லை என்று சொல்லமாட்டேன். அன்று கேசரி கிண்டினேன். அவள் அப்பா இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்று கேட்டார். மறுநாளைக்குச் சரியாகிவிட்டாள். வேறு மூன்று இடங்களில் வா என்றார்கள். வீட்டிலிருந்து காரில் போய்ச் சேரக்கூடிய தூரத்தில், சோளக்காட்டுக்கு நடுவில் இருக்கும் ஒரு சாதாரணப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தாள். அதன் பெயர் திருவண்ணாமலையில் மட்டும் இல்லை, ஒஹையோவிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. காலேஜ் பேச்சு வந்தால் பாயசத்தைப் பார்க்கிறவர்களிடம் நானாகவே போய் எல்லாவற்றையும் சொன்னேன், கிடைக்காததிலிருந்து ஆரம்பித்து. சொல்லச் சொல்ல இரண்டு அம்மாக்கள் என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய்த் தங்கள் கதையைச் சொல்லி அழுதார்கள்.

சேர்ந்துவிட்டாள் என்று தெரிந்ததும் தம்பி கூப்பிட்டான். இந்தத் தடவை மிகவும் பணிவாக, “பாப்பா, ஒரு சின்ன பேனரு அடிக்கட்டுமா?” என்று கேட்டான்.

“அடிங்க மாமா. ஆனா முதல்ல அந்த டீக்கடை அக்காகிட்ட கூரைக்கு என்ன சைஸ் வேணும்னு கேட்டு அடிங்க” என்றாள்.

இப்போது வார இறுதியில் வீட்டுக்கு வருகிறாள். அறைக்கதவு பாதி திறந்திருக்கிறது. முழுதாகத் திறக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவள் வயதில் எனக்குக் கதவே கிடையாது.

நேற்று வந்த போட்டோவை எங்கள் குடும்பக் குரூப்பில் அவளுக்கும் சேர்த்துத்தான் அனுப்பியிருந்தான். தம்பி பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் போகிறான், முழுதாக. போகும்போதெல்லாம் அந்தக் கடைக்கார அம்மாள் நிறுத்தி, “மேல இருக்கற பொண்ணுக்கு அவுங்க யோசிச்சி சொல்லிட்டாங்களா?” என்று கேட்கிறாளாம். என்ன சொல்வது என்று தெரியாமல் இத்தனை மாதமும் மழுப்பிக்கொண்டே இருந்திருக்கிறான், புதுப் பேனருக்கு சைஸ்கூடக் கேட்காமல். போட்டோவுக்குக் கீழே அதையும் எழுதியிருந்தான்: ‘பாப்பா, நான் இன்னா சொல்லட்டும்?’

அருணாவின் பதில் குரலாக வந்தது. பனியில் நின்றுகொண்டே கேட்டேன். பின்னால் அவள் ஹாஸ்டல் தோழிகளின் சத்தம், இவளுடைய அமெரிக்கத் தமிழ், நடுவில் சிரிப்பு.

“சொல்லிட்டாங்க மாமா, வேணாம்னு. ஆனா அவங்க யோசிச்சு முடிக்கறதுக்குள்ள நான் டீ குடிச்சு முடிச்சிட்டேன்னு அந்த அக்காகிட்ட சொல்லுங்க.”